உருக்கும் உலைத்தீயும்

கொல்லன் ஒருவன் அரிவாளை அடித்து முடித்த பின்னர், அதனைச் செந்நிறம் ஏறும் வரை உலையிற் காய்ச்சி, நீரில் தோய்த்து எடுக்கின்றான். தோய்த்த அக்கணத்தில் அதனுள் நிகழ்வது யாது? புதுப்பொருள் எதுவும் அதனோடு சேரவில்லை. ஆயினும், முன்னர் வளைந்துகொடுத்த அலகு இப்பொழுது வளைய மறுக்கின்றது. ஓங்கி அடித்தாற் கண்ணாடிபோல் உடைகின்றது. அதனையே மீண்டும் இளஞ்சூட்டிற் காட்டி எடுத்தால், கூர்மை கெடாமலே உடையுந் தன்மை தணிகின்றது. இத்தொழிலை மக்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வந்துள்ளனர். அதன் காரணம் தெளிந்ததோ கடந்த இரண்டு நூற்றாண்டுகளிலேயாம். அக்காரணத்தைத் தேடும் முயற்சிக்குப் பெரிதுந் தூண்டுகோலாய் அமைந்தவற்றுள் ஒன்று இந்தியாவிலும் இலங்கையிலும் வடிக்கப்பெற்ற உருக்கு என்பது அறியத்தக்கது.

தமிழகத்திற் கொடுமணல் அகழாய்வு, பண்டு அங்கே இரும்புத் தொழில் சிறந்திருந்தமையைக் காட்டியது. இலங்கையிற் பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியிற் கில் யூலெவ் என்னும் ஆய்வாளர் நடத்திய அகழாய்வின் முடிவுகள் 1996ஆம் ஆண்டில் வெளிவந்தன. மலைச்சரிவுகளின் மேல்விளிம்பில் மேற்கு நோக்கி அமைக்கப்பெற்ற உலைகள், துருத்தியின் துணையின்றித் தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்தன என்பதை அவர் நிறுவினார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அராபிய அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலிற் சரந்தீபின் பெயரால் வழங்கிய வாள்களையுங் குறிப்பிட்டுள்ளார். இலங்கையிற் புடக்குகையில் உருக்கு வடிக்கும் முறையை, அஃது அருகி மறையும் வேளையில், ஆனந்த குமாரசுவாமி தமது 1908ஆம் ஆண்டு நூலிற் பதிவு செய்தார்.

தென்னாட்டு முறை எளிமையானதுபோலத் தோன்றும். தேனிரும்புத் துண்டுகளை ஆவாரைச் சிறாய்களோடு சிறு மட்குகையில் இட்டு, பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணாற் பூசி, பல நாழிகை ஊதி எரிப்பர். விறகிலும் இலையிலுமுள்ள காபன் இரும்பினுட் புகும். தூய இரும்பு உருகுவதற்கு 1538 பாகை சதமவளவை வெப்பநிலை வேண்டும். காபன் புகுந்த இரும்போ அதனினுங் குறைந்த வெப்பநிலையில் உருகும். பின்னர்க் குகையை மெல்ல ஆறவிட்டு உடைத்தால், உள்ளே உருக்குக் கட்டி கிடைக்கும். மேனாட்டார் இதனை 'வூட்சு' என வழங்கினர். மேற்காசியக் கொல்லர் கையில் இதுவே நீரோட்டம் போன்ற வரிகள் படர்ந்த தமஸ்கு வாளாயிற்று.

1794ஆம் ஆண்டிற் பம்பாயிலிருந்த மருத்துவர் எலினசு இசுக்கொற்று இவ்வுருக்கின் மாதிரிகளை இலண்டன் இராயல் சங்கத்துக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டில் யோட்சு பியேசன் அவற்றை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். உருக்குக்கும் இரும்புக்குமுள்ள வேறுபாடு காபனே என்பது, 1781இற் சுவீடன் நாட்டுப் பேர்க்குமனும், 1786இற் பிரான்சிய அறிஞர் மூவரும் செய்த ஆராய்ச்சிகளால் அப்பொழுதுதான் வெளிப்பட்டிருந்தது. ஆனால் அவ்வறிவு மட்டும் போதவில்லை. ஐரோப்பியக் கொல்லர் வூட்சைத் தம் வழக்கப்படி வெண்சூடு ஏறக் காய்ச்சி அடித்தபொழுது, அது சம்மட்டியின் கீழ்ப் பொடிந்து சிதறிற்று. கீழ்நாட்டான் வாளாக்கிய பொருளை மேனாட்டான் கத்தியாகவும் ஆக்க இயலவில்லை.

கொல்லன் மகனாகப் பிறந்த மைக்கேல் பரடே 1819இல் வூட்சைப் பகுத்தாய்ந்து, அதிலுள்ள அலுமினாவும் சிலிக்காவுமே அதன் சிறப்புக்குக் காரணமெனக் கருதினார். அது தவறான முடிவு. எனினும் அம்முடிவைப் பற்றிக்கொண்டு அவரும் இசுற்றோடாட்டு என்னுங் கத்தித் தொழிலாளருஞ் செய்த பரிசோதனைகள், உருக்கோடு வெள்ளி, பிளாற்றினம் முதலியவற்றைக் கலக்கும் ஆராய்ச்சிக்கு வித்திட்டன. கலப்புருக்குகளின் வரலாறு அங்கே தொடங்குகின்றது. பாரிசு நாணயசாலையைச் சேர்ந்த பிரெயான் 1823இற் சரியான வழியைக் காட்டினார். மிகுந்த காபனும், மெதுவான ஆறுதலும், அளவான சூட்டில் அடித்தலுமே வரிகளுக்குக் காரணம் என்றார் அவர். உரூசியாவின் ஊரல் மலைப்பகுதியிற் பணியாற்றிய அனோசொவ், 1831இல் உருக்கின் மேற்பரப்பை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, பத்தாண்டுகளின் பின் தம் முடிவுகளை நூலாக்கினார்.

இவ்வாறு வினா இடம் மாறிற்று. உருக்கில் என்ன பொருள் உண்டு என்பதோடு, அப்பொருள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதும் வினாவாயிற்று. செபீல்டு நகரத்து என்றி சோபி பாறைகளை மெல்லிய தகடாக்கி நுணுக்குக்காட்டியில் நோக்கியவர். ஒளி ஊடுருவாத உருக்குக்கு அம்முறை பயன்படாது. ஆகவே 1863இல் அவர் உருக்கைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, மென்மையாக அமிலத்தால் அரித்து, தெறிக்கும் ஒளியில் நோக்கினார். ஒரே பொருளெனத் தோன்றிய உருக்குப் பல்வகைப் பளிங்குகளின் கூட்டமாகக் காட்சியளித்தது. உருக்கு நகரமாகிய செபீல்டு அன்று அதனைப் பொருட்படுத்தவில்லை. இருபது ஆண்டுகளின் பின்னர், மேலும் பெருப்பித்து நோக்கிய அவர், முத்துச்சிப்பிபோல் மின்னிய பகுதியிலே வன்மையும் மென்மையுமான மெல்லிய தகடுகள் மாறிமாறி அடுக்கப்பட்டிருத்தலைக் கண்டார். அதுவே பேளைற்று.

இதனிடையே சென் பீற்றர்சுபேக்கு நகரின் ஒபுகொவ் தொழிற்சாலையில் வார்த்த பீரங்கிக் குழல்கள் சில வெடித்துச் சிதறின. ஒரே உருக்கு, ஒரே முறை. ஆயினும் ஒன்று தாங்கிற்று, மற்றொன்று சிதறிற்று. சேர்நொவ் என்னும் பொறியியலாளர் காய்ச்சிய சூட்டிலே வேறுபாட்டைத் தேடினார். குறித்த ஒரு வெப்பநிலைக்குக் கீழே காய்ச்சிய உருக்கை எத்துணை விரைவாகக் குளிர்வித்தாலும் அது வன்மை பெறாது என்றும், அதனினும் உயர்ந்த மற்றொரு நிலையைக் கடந்தாலே பருமணி நுண்மணியாக மாறும் என்றும் 1868இல் அவர் அறிவித்தார். அந்நிலைகளைத் தீயின் செந்நிற வேறுபாட்டைக் கண்ணால் நோக்கியே அவர் மதித்தார். கொல்லனின் கண் அறிந்திருந்தது அன்று விஞ்ஞானத்தின் விதியாயிற்று.

பிரான்சிய அறிஞர் ஒசுமொண்டு, புதிதாக அமைந்த மின்வெப்பமானியைக்கொண்டு அந்நிலைகளை 1880களில் அளந்தார். வன்மைக்குக் காரணம் காபனா, அன்றி இரும்பின் வேற்றுருவா என்று அக்காலத்தில் நெடிய வாதம் நிகழ்ந்தது. இரு சாராரும் ஒருபாதி உண்மையைப் பற்றி நின்றனர் என்பதை இருபதாம் நூற்றாண்டில் எக்சுக்கதிர்களே காட்டின.

அறை வெப்பநிலையில் இரும்பணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் அமைந்துள்ளன. தூய இரும்பு 912 பாகையைக் கடந்தால், அவை மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அமையுமாறு மாறுகின்றன. ஒசுற்றனைற்று எனப்படும் இவ்வமைப்பின் இடைவெளிகளிற் காபனணுக்கள் தாராளமாகத் தங்கும். குளிர்ந்த அமைப்பிலோ அவற்றுக்கு இடமில்லை. மெதுவாக ஆறவிட்டால், 727 பாகையளவிற் காபன் வெளியேறி, இரும்போடு கூடிச் சீமந்தைற்று என்னும் வன்பொருளாகத் தகடுதகடாக அமையும். நூற்றுக்கு 0.77 பங்கு காபனுள்ள உருக்கு முழுவதும் இவ்வாறு பேளைற்றாகும். நீரில் தோய்த்தாலோ காபனுக்கு வெளியேற நேரமில்லை. அஃது உள்ளேயே சிறைப்பட, இரும்பணுக்களின் அடுக்கு ஒருபக்கமாக இழுபட்டு இறுகும். அவ்விறுகிய நிலையே, மாட்டென்சு என்பவரின் பெயரால் வழங்கும் மாட்டென்சைற்று. வன்மைக்கும் உடையுந் தன்மைக்கும் அதுவே காரணம். மீண்டும் இளஞ்சூடு காட்டினால், சிறைப்பட்ட காபன் நுண்துகள்களாகச் சிறிது சிறிதாக வெளியேற, இறுக்கம் தளர்கின்றது. மெருகிட்ட உருக்கின் மேல் 230 பாகையளவிற் படரும் வைக்கோல் நிறமும், 300 பாகையளவில் தோன்றும் நீலமும் அச்சூட்டின் அடையாளங்கள். சவரக்கத்திக்கு முன்னதும், சுருள்வில்லுக்குப் பின்னதும் பொருந்தும் என்பதைப் பழந்தொழிலாளர் நன்கறிந்திருந்தனர்.

இவ்வறிவு வந்த பின்னரே வூட்சின் மறைபொருளும் விளங்கிற்று. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு காபன் உண்டு. ஆகவே பேளைற்றுக்கு வேண்டியது போக எஞ்சிய காபனும் சீமந்தைற்றாக நிற்கும். வெண்சூட்டில் இத்தகைய உருக்கின் மணிகளுக்கிடையே உருகல் தொடங்கிவிடும். ஐரோப்பியக் கொல்லன் அடித்தது பாதி உருகிய பொருளை. கீழ்நாட்டுக் கொல்லனோ செஞ்சூட்டுக்கு மேற் செல்லாது பலமுறை காய்ச்சிக் காய்ச்சி அடித்தான். அமெரிக்காவில் வேர்கோவன் என்னும் பேராசிரியரும் பென்றே என்னுங் கத்திக் கொல்லரும் அவ்வாறே செய்து, வரியோடிய அலகுகளை உருவாக்கினர். இரும்பிற் சிறிதளவு வனேடியம் போன்ற உலோகம் இருந்தால், சூடேறித் தணியுந் தோறும் சீமந்தைற்றுத் துகள்கள் வரிவரியாக ஒழுங்குபெறும் என அவர்கள் 1998இல் விளக்கினர். குறித்த கனிமம் கிடைக்காது போனமையே அக்கலை அழிந்தமைக்கு ஒரு காரணமாகலாம் என்பதும் அவர்தங் கருத்து.

காரணம் அது மட்டுமன்று. 1856இற் பெசமர் முறை தோன்றியபின் மேனாட்டு உருக்கு மலிந்து குவிந்தது. கரிக்கு வேண்டிய காடுகளும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. தந்தை மகனுக்குக் கண்ணாலும் கையாலுங் காட்டிய அறிவு, உலை அவிந்தபொழுது தானும் அவிந்தது. எழுத்தில் ஏறாமையால் அதனை மீட்பார் இலராயினர். மறுபுறத்திலே காரணத்தை ஆராய்ந்தவர்கள் பிழைபட்டாலும், அப்பிழையையும் எழுதிவைத்தனர். பரடேயின் தவறு பிறர்க்குப் படியாயிற்று. நம் கொல்லரின் வெற்றியோ அவரோடு மறைந்தது. செயலறிவும் காரண அறிவும் ஒருங்கு கூடாவிடத்து இரண்டும் குறைவுடையனவே. கைத்தொழில் செய்வோனை ஏட்டறிவுடையோனும், ஏட்டறிவுடையோனைக் கைத்தொழில் செய்வோனும் மதித்து உசாவும் சமுதாயத்திலேயே அறிவு அழியாது நிலைக்கும் என்பது உருக்கின் வரலாறு மாணவர்க்கு உணர்த்தும் உண்மையாம்.