கடலைக் காக்கும் கருவிகள்: ஏபிஎம்எம் எதை, எப்படி வாங்க வேண்டும்?

ஜொகூருக்கு மூன்று பக்கமும் கடல். மேற்கே மலாக்கா நீரிணை, தெற்கே ஜொகூர் நீரிணையும் சிங்கப்பூர் நீரிணையும், கிழக்கே தென்சீனக் கடல். இங்கே அமலாக்கத்தையும் தேடி மீட்கும் பணியையும் கவனிப்பது ஏபிஎம்எம் எனப்படும் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இது, 2005 நவம்பர் 30இல் பணியைத் தொடங்கியது. இப்போது உள்துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது. அதன் படகும் ரேடாரும் நம் வரிப்பணத்தில் வாங்கப்படுபவை.

தேவை முதலில், கருவி பிறகு

அனைத்துலகப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் ஏஐஎஸ் எனும் தானியங்கி அடையாளக் கருவி கட்டாயம். கப்பலின் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை அது அறிவித்துக்கொண்டே இருக்கும். ஆனால், ஆட்களை ஏற்றிவரும் கள்ளப் படகில் அக்கருவி இருக்காது.

2021 டிசம்பர் 15இல் கோத்தா திங்கி, தஞ்சோங் பாலாவ் கடலில் குடியேறிகளை ஏற்றிவந்த படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய படகைத் தூரத்திலேயே காண ஏஐஎஸ் உதவாது. கரையோர ரேடார், இரவிலும் காட்டும் வெப்பக் கேமரா, விரைவுப் படகு ஆகிய மூன்றும் சேர்ந்து இயங்க வேண்டும்.

எனவே, 'நல்ல ரேடார் வேண்டும்' என்று எழுதினால் போதாது. எத்தனை மீட்டர் படகை, எத்தனை கடல் மைல் தூரத்தில், வடகிழக்குப் பருவமழைக் கால அலையிலும் காட்ட வேண்டும் என்று எழுத வேண்டும். கடலில் பணியாற்றுபவரைக் கேட்காமல் இதை எழுத முடியாது.

டெண்டர் நடைமுறை

அரசாங்கத்துக்குப் பொருள் விற்க விரும்பும் நிறுவனம் நிதியமைச்சில் பதிவு பெற்று, 'இ-பெரோலேஹான்' இணையத்தளம் வழி பங்கேற்க வேண்டும். சிறு தொகைக்கு நேரடிக் கொள்முதல், அதற்கு மேல் விலைப்புள்ளி, பெருந்தொகைக்கு டெண்டர். டெண்டரில் தொழில்நுட்பத்தையும் விலையையும் தனித்தனிக் குழுக்கள் மதிப்பிடுகின்றன. மலிவு விலை தரக் குறையை மறைத்துவிடக் கூடாது என்பதே காரணம்.

தவறினால் என்ன ஆகும்?

கடற்படையின் எல்சிஎஸ் போர்க்கப்பல் திட்டமே பெரிய பாடம். ஏறக்குறைய 600 கோடி ரிங்கிட் செலுத்தியும் ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை என்று 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிவித்தது. கப்பலின் வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்ததில் கடற்படையின் கருத்து புறக்கணிக்கப்பட்டதையும் அக்குழு சுட்டிக்காட்டியது.

ஏபிஎம்எம்மும் தாமதத்தைச் சந்தித்தது. 2017இல் மூன்று பெரிய ரோந்துக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. முதல் கப்பலான கேஎம் துன் ஃபத்திமா 2024இல்தான் கைக்கு வந்தது.

வாங்கிய பின்

ஏபிஎம்எம்மின் கப்பல்களில் பல, பிற துறைகளிடமிருந்து வந்தவை. 2015இல் ஆஸ்திரேலியாவும் 2017இல் ஜப்பானும் பயன்படுத்திய கப்பல்களை வழங்கின. இலவசமாக வந்தாலும் எஞ்சினும் உதிரிப்பாகமும் கப்பலுக்குக் கப்பல் வேறு. பராமரிப்புச் செலவு நம்முடையது. ஆகவே பயிற்சி, உதிரிப்பாகம், பழுதுபார்ப்பு ஆகியவற்றை முதல் ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது அவசியம். பாகம் இல்லாமல் துறையில் கட்டிக்கிடக்கும் படகு யாரையும் காப்பாற்றாது.

நமக்கும் இதில் இடமுண்டு

எஞ்சின், மின்னணு, குளிர்சாதனம் பழுதுபார்க்கும் நம்மவர்கள் ஜொகூரில் பலர். சொந்த நிறுவனம் வைத்திருப்போர் நிதியமைச்சுப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். கப்பல் பெரிய நிறுவனத்துக்குப் போனாலும், பராமரிப்பு வேலைகள் விலைப்புள்ளியாக வருவதுண்டு.

கடலில் ஆபத்தைக் கண்டால் 999 எண்ணுக்கு அழையுங்கள். இடத்தையும் படகின் நிறத்தையும் சொன்னால் மீட்புக் குழுவுக்கு உதவியாக இருக்கும்.