விடுபட்ட கேஸைக் கம்பைலர் பிடிக்கத் தொடங்கிய கதை

ஆர்டர் நிலைக்கென்று ஒரு எனம் இருக்கிறது. பதிவானது, அனுப்பியது, போய்ச் சேர்ந்தது என மூன்றே மதிப்புகள். அதை வைத்து முடிவெடுக்கும் ஸ்விட்ச்கள் பல ஃபைல்களில் சிதறிக் கிடக்கின்றன. இப்போது நான்காவதாகத் 'திரும்பி வந்தது' சேர்கிறது. அத்தனை ஸ்விட்ச்களையும் ஞாபகம் வைத்துத் திருத்த வேண்டியது நிரலாளரா, கம்பைலரா?

1970இல் வந்த பாஸ்கலில் நிக்லாஸ் விர்த் இப்படிப் பெயரிட்ட மதிப்புகளை ஒரு டைப்பாகவே தந்தார். எவையெவை அதில் உண்டு என்பது கம்பைலருக்குத் தெரியும். ஆனாலும் எல்லாவற்றுக்கும் கேஸ் எழுதியாக வேண்டும் என்று மொழி கேட்கவில்லை. சி மொழியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே எனம் என்பது கடைசியில் வெறும் முழு எண்தான். எந்தக் கேஸும் பொருந்தாவிட்டால் ஸ்விட்ச் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும்.

எல்லா மதிப்புக்கும் கேஸ் எழுதியாக வேண்டும் என்பதைச் சட்டமாக்கிய பெருமை ஏடாவுக்கு உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ழான் இக்பியா தலைமையிலான குழு வடிவமைத்து, 1983இல் தரப்படுத்தப்பட்ட மொழி அது. கேஸ் கூற்றில் ஒவ்வொரு மதிப்பும் ஒரு முறை, ஒரே முறை வர வேண்டும். ஒன்று விட்டுப்போனால் எச்சரிக்கையோடு முடியாது. நிரல் கம்பைலே ஆகாது.

எடின்பரோவில் இன்னொரு கிளை வளர்ந்தது. ராபின் மில்னரின் எம்எல் வழிவந்த மொழிகளில் ஒரு மதிப்பு தனக்குள் வேறு மதிப்புகளையும் சுமக்கும். பேட்டர்ன்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும். அங்கே விடுபட்டதைக் கண்டுபிடிக்கப் பட்டியலில் டிக் அடித்தால் போதாது. லூக் மராங்கே 2007இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அழகான வழி சொல்கிறது. எழுதிய பேட்டர்ன்களை வரிசைகளாக அடுக்கி, கடைசியில் எதற்கும் பொருந்தும் ஒரு வரிசையைச் சேர்க்க வேண்டும். மேலே உள்ளவை பிடிக்காத ஏதாவது ஒரு மதிப்பு அதில் வந்து விழுமா? விழுந்தால், அதுதான் விடுபட்ட கேஸ். ஒரு வரிசை வீணா என்பதையும் இதே கேள்வி சொல்லிவிடும். இரண்டு சிக்கலுக்கும் ஒரே கேள்வி போதும் என்பதை முதலில் படித்தபோது வந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

சி, சி++ உலகுக்கு இந்தச் சரிபார்ப்பு எச்சரிக்கையாகத்தான் வந்தது. ஜிசிசி கம்பைலரின் டபிள்யூ-ஸ்விட்ச் ஃபிளாக், விடுபட்ட மதிப்பின் பெயரையே சொல்லும். ஆனால் ஒரு டீஃபால்ட் எழுதினால் வாயை மூடிக்கொள்ளும். பாதுகாப்புக்கென்று நாம் பழக்கமாகச் சேர்க்கும் அந்த டீஃபால்ட்தான், 'திரும்பி வந்தது' சேரும் நாளில் கம்பைலரின் கண்ணைக் கட்டுகிறது. எல்லா மதிப்பும் எழுதப்பட்ட ஸ்விட்ச்சில் டீஃபால்ட் வைக்காதே என்று எல்எல்விஎம் திட்டத்தின் நிரல் விதிகள் சொல்வது இதனால்தான். டீஃபால்ட்டையும் கணக்கில் கொள்ளாமல் சரிபார்க்க டபிள்யூ-ஸ்விட்ச்-எனம் என்று தனியாக ஒரு ஃபிளாக் உண்டு. பல எச்சரிக்கைகளை ஒன்றாக இயக்கும் டபிள்யூ-ஆல் போட்டாலும் அது தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும்.

2014இல் ஸ்விஃப்ட், 2015இல் ரஸ்ட் 1.0, 2020இல் ஜாவா 14இன் ஸ்விட்ச் எக்ஸ்பிரஷன் என்று ஏடாவின் கண்டிப்பு மறுபடி திரும்பியது. கூடவே ஒரு புதுத் தலைவலியும் வந்தது: எனம் வேறொருவரின் லைப்ரரியில் இருந்து, அவர் நாளை ஒரு மதிப்பைச் சேர்த்தால்? ரஸ்டின் 'நான்-எக்ஸாஸ்டிவ்' குறி, அந்த எனத்தைப் பயன்படுத்தும் வெளி நிரலை எதற்கும் பொருந்தும் கிளை ஒன்றை எழுத வைக்கிறது. புது மதிப்பு சத்தமில்லாமல் அதற்குள் போய்விடும். ஸ்விஃப்ட் 5இன் 'அன்னோன் டீஃபால்ட்' அப்படி விடுவதில்லை. புது மதிப்பு வந்தாலும் நிரல் கம்பைல் ஆகும். ஆனால் நீங்கள் கையாளாத ஒன்று வந்திருக்கிறது என்ற எச்சரிக்கையும் வரும். இரண்டில் இதுவே மேல் என்பேன்.