ஆளில்லாத காடுன்னு யார் சொன்னது?

கனடாவின் வடகிழக்கு ஓரத்தில் லாப்ரடார்னு ஒரு பகுதி. உலகப் படத்தில் பார்த்தால் ஊர்ப்பெயர்களே அதிகம் இருக்காது. இந்த வெற்றிடத்தை நம்பித்தான் ஒரு பெரிய கூத்து நடந்தது. பலருக்குத் தெரியாத கதை என்பதால் எழுதுகிறேன்.

அங்கே கூஸ் பே என்ற விமானத்தளம் இரண்டாம் உலகப்போரின்போது, 1941-ல் கட்டப்பட்டது. 1980களில் பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து விமானப்படைகள் அங்கே தாழப் பறக்கும் பயிற்சிக்கு வந்தன. ஏன் தாழப் பறக்கணும்? ரேடார் அலை நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. மலைக்கும் மரத்துக்கும் ஒட்டிப் பறந்தால் எதிரி ரேடாருக்குக் கடைசி நிமிடம் வரை தெரியாது. சோவியத்தோடு சண்டை வந்தால் இப்படித்தான் உள்ளே நுழையணும் என்பது நேட்டோவின் கணக்கு. ஆனால் ஜெர்மனியில் இதைச் செய்தால் கீழே இருக்கும் ஜனங்கள் சண்டைக்கு வந்தார்கள். லாப்ரடாரில் யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்க ஆள் இருந்தார்கள். அவர்கள் பெயர் இன்னு. (இனுவிட் வேறு, இன்னு வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அந்த மண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் நிதாசினான், அதாவது 'எங்கள் நிலம்'. அதை யாருக்கும் எழுதிக் கொடுத்ததாக ஒரு ஒப்பந்தமும் கிடையாது. அரசும் பாதிரிமார்களும் சேர்ந்து இவர்களை ஷெஷாட்ஷு போன்ற ஊர்களில் குடியமர்த்தியபின் குடியும் வேலையின்மையும் வாட்டியது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூடாரத்தோடு காட்டுக்குள் போய் கரிபு மான் வேட்டையாடும் மாதங்களில்தான் மனுஷங்களாக இருந்தோம் என்பது அவர்கள் கட்சி. சரியாக அந்தக் காட்டின் மேல்தான் ஜெட் பறந்தது. முப்பது மீட்டர் உயரத்தில்! பத்து மாடிக் கட்டடம் அளவுதான். சத்தம் காதில் விழும்போது விமானம் தலைக்கு மேலே இருக்கும். குழந்தைகள் அலறுகின்றன, மிருகங்கள் மிரள்கின்றன என்று சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை.

இதற்கு நடுவே, அங்கேயே நேட்டோவின் பெரிய பயிற்சி மையம் ஒன்றைக் கட்டவும் பேச்சு நடந்தது. 1988-ல் இன்னு மக்கள் நேராக ஓடுபாதையிலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். எலிசபெத் பெனாஷுவே போன்ற பெண்கள் முன்னால் நின்றார்கள். கைது, சிறை, வெளியே வந்ததும் மறுபடி ஓடுபாதை.

1989 ஏப்ரலில் நான்கு பேர் மீதான வழக்கு நீதிபதி ஜேம்ஸ் இக்லோலியோர்ட்டே முன் வந்தது. அவர் ஒரு இனுவிட். 'இது எங்கள் நிலம் என்று இவர்கள் மனதார நம்புகிறார்கள், அப்படி நம்ப நியாயமான காரணமும் இருக்கிறது' என்ற ரீதியில் சொல்லி விடுதலை செய்தார். நிலம் அரசுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி நீதிமன்றத்திலேயே எழுந்துவிட்டது பாருங்கள், அதுதான் விஷயம்.

1990-ல் நேட்டோ அந்த மையத் திட்டத்தைக் கைவிட்டது. போராட்டம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பெர்லின் சுவர் விழுந்து, எதிரியே காணாமல் போய்க்கொண்டிருந்தான். ஆனாலும் பயிற்சிப் பறப்பு உடனே நிற்கவில்லை. ஐரோப்பியப் படைகள் மூட்டை கட்ட 2000களின் நடுப்பகுதி ஆயிற்று.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1991 வளைகுடாப் போரில் பிரிட்டனின் டொர்னேடோ விமானங்கள் நிஜமாகவே தாழப் பறந்து தாக்கப் போயின. இழப்பு ஏற்பட, சில நாட்களிலேயே உயரப் பறக்கும் முறைக்கு மாறிவிட்டார்கள்.

நாட்டுப் பாதுகாப்புக்குப் பயிற்சி வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஒரு இடத்தை 'ஆளில்லாத பகுதி' என்று கோப்பில் எழுதும்போது, எழுதுகிறவர் அங்கே போய்ப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. லாப்ரடாரில் அதைக் கேட்க, ஜனங்கள் ஓடுபாதையில் உட்கார வேண்டியிருந்தது.