செல்போனில் நிலம் அளந்தால் அளவு ஏன் மாறுகிறது?

காலையில் வரப்பைச் சுற்றி நடந்து செல்போன் செயலியில் அளந்தால் ஓர் அளவு வருகிறது. பிற்பகலில் அதே வரப்பில் நடந்தால் வேறு அளவு. மருந்து தெளிக்கும் டிரோனும் சில நேரம் பாதை விலகிப் பக்கத்து வயலுக்குள் போய்விடுகிறது. கருவியில் பழுது இல்லாதபோதும் இப்படி நடக்கும். அதற்கு ஒரு காரணம் வானத்தில் இருக்கிறது.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் ரேடியோ சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்தே நாம் நிற்கும் இடம் கணக்கிடப்படுகிறது. நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 30 செ.மீ. தப்பும்.

சிக்னல் வரும் வழியில் அயனி மண்டலம் இருக்கிறது. தரையிலிருந்து 60 கி.மீ.க்கு மேல், சூரியனின் புற ஊதாக் கதிர்கள் பட்டு மின்னேற்றம் அடைந்த காற்றடுக்கு அது. அதைக் கடக்கும்போது சிக்னல் தாமதமாகிறது. பிற்பகல் 2 மணியை ஒட்டித் தாமதம் அதிகம், விடியற்காலையில் குறைவு. மழை மேகத்தால் பெரிய பாதிப்பு இல்லை.

தமிழகத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில், சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் உருவாகி மேலே எழும்பும். அவற்றின் வழியே வரும் சிக்னல் நட்சத்திரம் போல மினுக்கும். சில நேரம் அறுந்தே போகும். இரவு 7 மணி முதல் நள்ளிரவு வரை, அதிலும் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இது அதிகம். இதுபோன்ற மாற்றங்களை ஆராய திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இயங்குகிறது.

சூரியப் புயல் வந்தால் நிலைமை மோசம். 2024 மே மாதம் அடித்த புயலில், அமெரிக்காவில் ஜி.பி.எஸ். உதவியோடு மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருந்த பல விவசாயிகள் டிராக்டரை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

சதுரமான ஒரு ஏக்கரில் ஒரு பக்கக் கோடு 1 மீட்டர் விலகினால் சுமார் ஒன்றரை சென்ட் வித்தியாசம் வரும். 10 சென்ட் நிலத்தில் அரை சென்ட்தான். ஆனால் விகிதத்தில் அது 5 சதவீதம். எனவே சிறிய நிலங்களுக்குச் செயலியை நம்பவே வேண்டாம், டேப் பிடித்து அளப்பதே நல்லது.

பெரிய நிலமென்றால் காலை 9 மணிக்குள் அளந்துவிடுங்கள். செயலியைத் திறந்து வெட்டவெளியில் சில நிமிடம் நின்றபின் நடக்கத் தொடங்குங்கள். இடையில் நின்று பேசாமல் ஒரே மூச்சில் சுற்றி வந்தால், பிழை எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் பரப்பளவு அதிகம் மாறாது. தென்னந்தோப்புக்குள் தப்பு வந்தால் அயனி மண்டலத்தைக் குறை சொல்லாதீர்கள். ஓலை மறைப்பதே பெரும்பாலும் காரணம்.

புதிய போன் வாங்குவோர் இரட்டை அலைவரிசை ஜி.பி.எஸ். உள்ளதா என்று கேளுங்கள். அயனி மண்டலம் இரு அலைவரிசைகளையும் வெவ்வேறு அளவில் தாமதப்படுத்துவதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பிழையைப் பெருமளவு கழித்துவிடலாம். டிரோன் அமர்த்துவோர் இருட்டும் முன் தெளிப்பை முடிக்கச் சொல்லுங்கள். எல்லைத் தகராறு என்றால் செயலி அளவை எடுத்துக்கொண்டு போகாமல், நில அளவரை வைத்து அளக்க மனு கொடுங்கள்.