தமாஷும் தீவட்டியும்

2006 இறுதியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஹால் டர்னர் என்றொரு வானொலிக்காரர் இருந்தார். இணைய வானொலியில் வெள்ளை இனவெறியைப் பேசிப் பிழைப்பு நடத்தியவர். 4சான் என்ற தளத்திலும் அதைச் சுற்றியிருந்த சில தளங்களிலும் உலவிய பெயரில்லாத இளைஞர்கள் திடீரென்று அவரைக் குறிவைத்தார்கள். நிகழ்ச்சிக்கு போன் போட்டுக் கலாய்த்தார்கள். அவருடைய தளத்தின் மீது கோரிக்கைகளைக் குவித்து முடக்கினார்கள். மனிதர் 2007இல் 4சான் உள்ளிட்ட தளங்கள் மீது வழக்குப் போட்டார், வழக்கு நிற்கவில்லை. ஒரு இனவெறியரை ஓட ஓட விரட்டியதில் அந்தக் கூட்டத்துக்கு ஏகக் குஷி.

2017 ஆகஸ்ட் 11 இரவு. வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரில், பல்கலைக்கழக வளாகத்துக்குள் சில நூறு இளைஞர்கள் தீவட்டி ஏந்தி யூதர்களுக்கு எதிராகக் கோஷமிட்டபடி நடந்தார்கள். மறுநாள் அந்தப் பேரணிக்கு வந்த ஒருவன் எதிர்ப்பாளர்கள் மீது காரை ஏற்றினான். ஹெதர் ஹெயர் என்ற 32 வயதுப் பெண் இறந்தார். அந்தப் பேரணியில் பச்சைக் கொடி ஒன்றும் தென்பட்டது. ‘கெக்கிஸ்தான்’ என்ற கற்பனை நாட்டின் கொடி அது. நாஜி ராணுவக் கொடியின் அமைப்பை அப்படியே எடுத்து, மூலையில் சிலுவை இருந்த இடத்தில் 4சானின் நான்கு இலைச் சின்னத்தை வைத்திருந்தார்கள். கேட்டால், சும்மா தமாஷுக்கு என்பார்கள்.

பத்தாண்டு இடைவெளிதான். அதே ஆட்கள் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பெயரில்லாத கூட்டத்தில் யார் வந்தார் யார் போனார் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் சின்னம் ஒன்றுதான், கிண்டல் பாஷையும் ஒன்றுதான். இடையில் நடந்தது என்ன?

*

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரங்கட்டிவிடலாம். வெள்ளை இனவாதிகள் இணையத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் அல்லர். 1984லேயே, மோடமும் தொலைபேசிக் கம்பியும் மட்டும் இருந்த காலத்தில், லூயிஸ் பீம் என்ற கு க்ளக்ஸ் க்ளான்காரர் ஆரிய நேஷன்ஸ் அமைப்புக்காகக் கணினி அறிவிப்புப் பலகை ஒன்றை நடத்தினார். 1995இல் இன்னொரு முன்னாள் க்ளான் தலைவரான டான் பிளாக் ‘ஸ்டார்ம்ஃபிரண்ட்’ வலைத்தளத்தைத் தொடங்கினார். கூகுள் பிறப்பதற்கு முன்பே.

தொழில்நுட்பம் அவர்களிடம் இருந்தது, ஆள்தான் சேரவில்லை. காரணம் எளிது. அந்த வாசல்களில் பெயர்ப்பலகை இருந்தது. உள்ளே போகிறவனுக்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியும். பதினாறு வயதுப் பையன் பொழுதுபோக்குக்காக ஸ்டார்ம்ஃபிரண்டுக்குப் போக மாட்டான். அவன் போகிற இடம் வேறு.

*

அந்த இடத்தின் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1999இல் ஹிரோயுகி நிஷிமுரா என்ற மாணவர், அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ‘2சானல்’ என்ற ஜப்பானியத் தளத்தை உருவாக்கினார். கணக்குத் தொடங்க வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம், எழுதிவிட்டுப் போகலாம். 2001இல் அதிலிருந்து படங்களுக்கான ‘ஃபுடாபா சானல்’ கிளைத்தது. 2003 அக்டோபரில் நியூயார்க்கைச் சேர்ந்த 15 வயது கிறிஸ்டோபர் பூல், அனிமே பைத்தியம், ஃபுடாபாவின் நிரலை எடுத்து, ஜப்பானியச் சொற்களை ஒரு இணைய மொழிபெயர்ப்பானில் போட்டு ஆங்கிலமாக்கி 4சானைத் தொடங்கினார். ‘சம்திங் ஆஃபுல்’ என்ற நக்கல் தளத்தில் கிடைத்த நண்பர்கள்தான் முதல் வாசகர்கள்.

மென்பொருள் எழுதுகிறவன் கண்ணால் பார்த்தால் 4சான் ரொம்பச் சிக்கனமான வடிவமைப்பு. யாராவது பதில் எழுதினால் அந்த இழை மேலே ஏறும். பதில் இல்லையென்றால் கீழே இறங்கி, கடைசிப் பக்கத்தைத் தாண்டியதும் அழிந்துபோகும். பயனர் கணக்கு கிடையாது, கடவுச்சொல் கிடையாது, சேமிப்புச் செலவும் மிச்சம். 2011இல் எம்.ஐ.டி., சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் பிரபலமான ‘பி’ பலகையில் இரண்டு வாரம் வந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை அளந்து பார்த்தார்கள். 90 சதவீதத்துக்கும் மேல் அநாமதேயப் பதிவுகள். ஒரு சராசரி இழை முதல் பக்கத்தில் இருந்தது 5 விநாடி. அதன் மொத்த ஆயுளே 5 நிமிடத்துக்குள்.

ஐந்து விநாடியில் ஒருவனை நிறுத்திப் பதில் எழுத வைக்க என்ன செய்வீர்கள்? ஒன்று, சிரிக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் திடுக்கிட வைக்க வேண்டும். நேற்று திடுக்கிட வைத்தது இன்று சலித்துவிடும், எனவே இன்று இன்னும் ஒரு படி மேலே. பூனைப் படத்துக்கு வேடிக்கை வாசகம் போடுவதும் இங்கேதான் வளர்ந்தது, யூதப் படுகொலையை வைத்து ஜோக்கடிப்பதும் இங்கேதான் வளர்ந்தது. இரண்டுக்கும் அந்த நிரல் ஒரே மதிப்பெண்தான் போட்டது: எத்தனை பதில்?

வசவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது வாயிற்காவலன். புதிதாக வருகிறவன் முகம் சுளித்தால் வெளியே போய்விடுவான். சுளிக்காமல் நின்றவன் நம்ம ஆள். அதாவது எதற்கும் மனம் கூசாமல் இருப்பதே அங்கே உறுப்பினர் அட்டை.

2006 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். ‘ஹாபோ ஹோட்டல்’ என்ற சிறுவர்களுக்கான இணைய விளையாட்டில் 4சான்காரர்கள் கும்பலாக நுழைந்தார்கள். எல்லோரும் கறுப்பினத்தவர் உருவம், பெரிய சுருட்டை முடி, சாம்பல் நிறக் கோட். நீச்சல் குளத்தை மறித்து நின்று, குளம் மூடப்பட்டது என்று அறிவித்தார்கள். நிர்வாகிகள் கறுப்பு உருவங்களைப் பாகுபாட்டோடு நடத்துகிறார்கள் என்பதற்கு எதிர்ப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். அதே உருவங்களை வரிசையாக நிறுத்தி ஸ்வஸ்திகாவும் அமைத்தார்கள். இனவெறிக்கு எதிர்ப்பா, இனவெறியா? கேள்வி கேட்டவனைப் பார்த்துச் சிரிப்பதுதான் விளையாட்டே.

அமெரிக்காவுக்கு முன்பே ஜப்பானில் இதன் அடுத்த அத்தியாயம் எழுதப்பட்டுவிட்டது. 2002இல் ஜப்பானும் தென் கொரியாவும் சேர்ந்து உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தியதை ஒட்டி 2சானலில் கொரிய வெறுப்பு கொழுந்துவிட்டது. ‘நெட்டோ உயோகு’, இணைய வலதுசாரிகள், என்று அவர்களுக்குப் பெயரே வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ‘ஜைடோகுகாய்’ போன்ற அமைப்புகள் கொரிய வம்சாவளியினர் வாழும் பகுதிகளுக்கே ஊர்வலம் போய்க் கத்தின. ஜப்பானிலிருந்து நிரலை இறக்குமதி செய்தவர்கள் இந்தப் பாடத்தை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

*

அப்படியென்றால் 4சான் பிறவியிலேயே வலதுசாரியா? இல்லை. 2008 ஜனவரியில் டாம் குரூஸ் பேசிய ஒரு காணொளியை சயின்டாலஜி திருச்சபை இணையத்திலிருந்து நீக்க முயன்றது. அதற்கு எதிராக 4சானில் கிளம்பிய கூட்டம் பிப்ரவரி 10 அன்று உலகின் பல நகரங்களில் கை ஃபாக்ஸ் முகமூடியோடு தெருவுக்கு வந்தது. ‘அனானிமஸ்’ என்ற பெயர் உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். அடுத்து விக்கிலீக்ஸ் ஆதரவு, துனீசியப் புரட்சிக்கு உதவி.

ஆனால் இந்தத் திருப்பமே பலகைக்குள் சண்டையை மூட்டியது. நல்ல காரியம் செய்ய வந்தவர்களை ‘ஒழுக்கவாதிகள்’ என்று பழையவர்கள் வசைபாடினார்கள். கொள்கை பிடித்தவர்கள் வேறு அரட்டை அறைகளுக்குப் போனார்கள். அவர்களில் தீவிரமானவர்களை எஃப்.பி.ஐ. அள்ளியது. ‘சாபு’ என்ற முக்கியப் புள்ளி 2011இல் பிடிபட்டு அரசுத் தரப்புக்குத் தகவல் தருபவரானார். ஜெரமி ஹாமண்டுக்கு 2013இல் பத்தாண்டுச் சிறை. பொதுக்காரியத்தில் ஆர்வமிருந்தவர்கள் வடிந்துபோக, எதிலும் நம்பிக்கையற்ற கிண்டல் மட்டும் அடியில் தங்கியது.

காலியான வீட்டுக்கு வேறு ஆள் குடிவந்தார்கள். செய்திகளுக்காக இருந்த பலகை, ஸ்டார்ம்ஃபிரண்டின் நகலாக மாறிவிட்டது என்று சொல்லி 2011 ஜனவரியில் பூலே அதை மூடினார். அதே ஆண்டு இறுதியில் ‘பொலிட்டிக்கலி இன்கரெக்ட்’ என்ற புதிய பலகையைத் திறந்தார். மற்ற பலகைகளைக் கெடுக்காமல் இவர்களை ஒரே அறையில் அடைத்து வைக்கலாம் என்ற கணக்கு. வைரஸ் கோப்பைத் தனியே பூட்டி வைப்பதுபோல. ஆனால் கோப்புகள் தமக்குள் பேசிக்கொள்வதில்லை, மனிதர்கள் பேசிக்கொள்வார்கள். தமாஷுக்கு ஹிட்லரைப் புகழ்ந்தவனும் நிஜமாகவே புகழ்ந்தவனும் ஒரே அறையில் பெயரில்லாமல் உட்கார்ந்தார்கள். முதலாமவனுக்குக் கொள்கை கிடையாது. இரண்டாமவனுக்கு அது மட்டும்தான் உண்டு. இந்தச் சேர்க்கையில் யார் யாரை மாற்றுவார்கள்?

*

2014 ஆகஸ்டில் பொறி விழுந்தது. ஸோயி க்வின் என்ற வீடியோ கேம் வடிவமைப்பாளரைப் பற்றி அவருடைய முன்னாள் காதலர் நீளமாக எழுதி வெளியிட்டார். 4சானில் அது தீயாகப் பரவியது. ‘கேமர்கேட்’ என்று பெயர் வைத்து, விளையாட்டு இதழியலின் நேர்மைக்கான போராட்டம் என்றார்கள். நடந்ததோ பெண்களின் முகவரியை வெளியிடுவதும் கொலை மிரட்டலும். விமர்சகர் அனிதா சர்கீசியன் அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசவிருந்தார். துப்பாக்கிச்சூடு நடத்துவோம் என்ற மிரட்டலால் அந்தக் கூட்டம் ரத்தானது.

பூல் செப்டம்பரில் இந்தப் பேச்சை 4சானில் தடைசெய்தார். கூட்டம் அப்படியே 8சானுக்குப் போனது. ஃபிரெட்ரிக் பிரென்னன் என்ற இளைஞர் 2013இல் தொடங்கிய தளம் அது. எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோயோடு சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், எந்தத் தணிக்கையும் இல்லாத பேச்சுரிமையை மனதார நம்பியவர். 2015 ஜனவரியில் பூல் ஓய்ந்துபோய் விலகினார். செப்டம்பரில் 4சானை வாங்கியவர் 2சானலின் அதே நிஷிமுரா.

கேமர்கேட்டை வெளியிலிருந்து ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். பிரைட்பார்ட் செய்தித்தளத்தின் தலைவர் ஸ்டீவ் பேனன். இவர் முன்பு ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் மெய்நிகர் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்ற ஹாங்காங் நிறுவனத்தில் இருந்தவர். விளையாட்டுக்காரர்களின் கோபம் அந்த வியாபாரத்தைப் படுக்கவைத்ததை நேரில் பார்த்தவர். வேரற்ற அந்த வெள்ளை இளைஞர்களிடம் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று அப்போதே புரிந்துகொண்டதாகப் பின்னாளில் பத்திரிகையாளர் ஜோஷுவா கிரீனிடம் சொன்னார். மைலோ யியான்னபோலஸ் என்ற எழுத்தாளரை வைத்து பிரைட்பார்ட் கேமர்கேட்டுக்குக் கொம்பு சீவியது. 2016 ஆகஸ்டில் பேனன் டிரம்பின் தேர்தல் பிரசாரத் தலைமைக்கே வந்துவிட்டார்.

பெப்பே தவளையின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. 2005இல் மேட் ஃப்யூரி வரைந்த சோம்பேறி காமிக்ஸ் பாத்திரம் அது. 4சானில் சோகத் தவளையாகி, ஊரெல்லாம் பரவி, பிறகு வேண்டுமென்றே நாஜி சீருடை மாட்டிவிடப்பட்டது. 2015 அக்டோபரில் டிரம்ப் தன் முகம் கொண்ட பெப்பேயை ட்விட்டரில் பகிர்ந்தார். 2016 செப்டம்பரில் அவதூறு எதிர்ப்புச் சங்கம் அதை வெறுப்புச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. பலகையில் கொண்டாட்டம்! ஒரு தவளைக்கு வல்லரசே பயப்படுகிறதே.

இந்தச் சிரிப்பின் பயன் என்ன என்பதை ‘டெய்லி ஸ்டார்மர்’ என்ற நாஜி தளத்தை நடத்திய, 4சானில் ஊறிய ஆண்ட்ரூ ஆங்லின் நன்றாக அறிந்திருந்தார். தன் எழுத்தாளர்களுக்கு அவர் கொடுத்த நடைக் கையேடு 2017இல் கசிந்தது. நாங்கள் விளையாடுகிறோமா நிஜமாகச் சொல்கிறோமா என்று புதிய வாசகனுக்குப் பிரித்துத் தெரியக் கூடாது என்பது அதன் சாரம். பிடித்தால் கொள்கை, மாட்டிக்கொண்டால் ஜோக்.

*

ஆஞ்சலா நேகல் 2017இல் எழுதிய ‘கில் ஆல் நார்மீஸ்’ நூல், மீறல் என்பது இடதுசாரிகளின் தனிச்சொத்து அல்ல என்று காட்டியது. அது சரியான அவதானிப்பு. ஆனால் இணைய இடதுசாரிகளின் கெடுபிடிதான் இளைஞர்களை அந்தப் பக்கம் தள்ளியது என்ற அவருடைய சாய்வை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஜப்பானில் அந்தக் கெடுபிடிக்காரர்கள் யார்? மறுபக்கம், எல்லாவற்றுக்கும் 4சானே காரணம் என்பதும் மிகை. டிரம்புக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அதில் ஒரு பதிவைக்கூடப் படித்திருக்க மாட்டார்கள். பலகைகள் செய்தது ஒன்றுதான்: பெயர்ப்பலகை இல்லாத வாசல் ஒன்றை வைத்துக் கொடுத்தன.

அந்த வாசல் எங்கே திறந்தது என்பது 2019 மார்ச் 15 அன்று தெரிந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், புறப்படும் முன் 8சானில் அறிவித்துவிட்டு, ஃபேஸ்புக்கில் நேரலை செய்தான். அவனுடைய அறிக்கையில் மீம்களும் உள்வட்ட ஜோக்குகளும் இருந்தன. ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் ஒரு யூத ஆலயம், ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோவில் ஒரு வால்மார்ட். இரண்டு கொலையாளிகளும் 8சானில்தான் முதலில் எழுதினார்கள்.

எல் பாசோவுக்குப் பிறகு கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 8சானுக்கான பாதுகாப்புச் சேவையை நிறுத்தியது. அந்தத் தளத்தை இழுத்து மூடுங்கள் என்று அப்போது பகிரங்கமாகக் கேட்டவர்களில் ஒருவர் ஃபிரெட்ரிக் பிரென்னன். அதை உருவாக்கியவரே. ஆனால் தளம் அவர் கையைவிட்டு எப்போதோ போயிருந்தது. புதிய உரிமையாளர்கள் அதே நவம்பரில் ‘8குன்’ என்று பெயரை மாற்றி மறுபடி ஏற்றினார்கள்.