கேள்விக்குறிகளாகிப் போன கடிதம்



2006-ஆம் ஆண்டில் ஒருநாள், எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பட்டறை ஒன்றைப் பற்றி அலுவல் மின்னஞ்சல் வழியாகத் தமிழில் கடிதம் அனுப்பினேன். மறுநாள் காலையில் மூத்த ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, கடிதம் முழுவதும் கேள்விக்குறியாகவே இருக்கிறதே! எல்லாவற்றுக்கும் விடை எழுதி அனுப்ப வேண்டுமா?" என்றார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால், எந்தப் பள்ளிக்கும் ஒரு தமிழெழுத்துகூடப் போய்ச் சேரவில்லை என்று அறிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

தொழில்நுட்ப உதவிப் பிரிவை அழைத்தேன். கணினியை அணைத்துவிட்டு மீண்டும் தொடங்கச் சொன்னார்கள், செய்தேன். எழுத்துருவை நிறுவச் சொன்னார்கள், நிறுவினேன். மூன்றாம் முறை அழைத்தபோது, "மென்பொருளில் பழுது ஏதும் இல்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள், சிக்கலே வராது" என்று முடித்துக்கொண்டார்கள். பழுது தமிழில்தான் என்பது போல ஒலித்த அந்த விடைதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியாக முதன்முதலில் மடல் அனுப்பியவர் அமெரிக்கரான ரே டாம்லின்சன். ஆண்டு 1971. அன்றைய மடல்கள் 'ஆஸ்கி' என்னும் குறியேற்றத்தில் அமைந்தவை. 1963-இல் வெளியான அம்முறையில் மொத்தம் 128 இடங்களே உண்டு. ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் கட்டளைகளும் அவற்றை நிரப்பிவிட்டன. 1982-இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறிமுறையும் இந்த ஏழு பிட்டு அளவையே விதியாக்கியது. நம் 247 எழுத்துகளை அந்த வீட்டைக் கட்டியவர்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

நம்மவர்கள் வாளாவிருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்', சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் 'கணியன்' எனத் தமிழ் மென்பொருள்கள் பிறந்தன. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. ஆயினும் திஸ்கி, டாப், டாம் எனக் குறியேற்றங்கள் பலவாக இருந்தன. அனுப்பியவரிடம் இருந்த எழுத்துரு பெறுபவரிடம் இல்லையென்றால், மடல் புரியாத குறிகளாய்க் காட்சியளித்தது. எட்டாவது பிட்டை வெட்டியெறியும் வழங்கிகளும் இருந்தன. அவற்றில் சிக்கிய தமிழ் உருக்குலைந்தே வெளிவந்தது.

இவற்றுக்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை. 1991-இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆங்கிலமல்லாத எழுத்துகளையும் மடலில் ஏற்றிச் செல்லும் 'மைம்' என்னும் நெறிமுறை 1992-இல் வந்தது. ஒருங்குறியை எங்கும் கொண்டு செல்லும் 'யூ.டி.எப்.-8' முறையும் அதே ஆண்டில்தான் உருவானது. ஆக, என் கடிதம் கேள்விக்குறிகளான 2006-இல், வழி திறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன!

அப்படியானால் கேள்விக்குறிகள் எங்கிருந்து வந்தன? எங்கள் அலுவல் மென்பொருள், மடலை அனுப்பும்முன் அதைப் பழைய ஐரோப்பியக் குறியேற்றத்திற்கு மாற்றிக்கொண்டிருந்தது. அதில் தமிழ் இல்லை. இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டது. 'அம்மா' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள். எனவே அம்மாவுக்கு ஐந்து கேள்விக்குறிகள். அப்படி மாறிய பிறகு எந்த எழுத்துருவை நிறுவினாலும் பயனில்லை. எழுத்து அனுப்பும்போதே அழிந்துவிட்டது. எழுத்துருவை நிறுவச் சொன்னது, சமைக்காத சோற்றுக்குத் தட்டு தேடிய கதைதான்.

நண்பர் ஒருவரின் துணையோடு மென்பொருளின் அமைப்புப் பகுதியில் தேடினோம். 'வெளிச்செல்லும் மடலின் குறியேற்றம்' என்று ஒரு தெரிவு, பல அடுக்குகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை யூ.டி.எப்.-8 என மாற்றினோம். அடுத்த கடிதம் பழுதின்றிப் போய்ச் சேர்ந்தது.

ஆனால், என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. பழுது கண்டுபிடிக்கப்படும் முன்பே, "எதற்கு வம்பு" என்று நம் ஆசிரியர்கள் தங்களுக்குள் எழுதும் கடிதங்களையும் மலாயில் எழுதத் தொடங்கிவிட்டனர். மலாய் நம் தேசியமொழி; அதில் எழுதுவதில் குறையில்லை. தமிழாசிரியர் தமிழாசிரியருக்குத் தமிழில் எழுதத் தயங்கியதுதான் குறை. இன்று கைப்பேசியிலும் தமிழ் தடையின்றி ஓடுகிறது. 2012-இல் மின்னஞ்சல் முகவரியையே தமிழில் அமைக்க வகைசெய்யும் நெறிமுறையும் வந்துவிட்டது. மென்பொருள் திருந்திவிட்டது, அன்று பற்றிக்கொண்ட பழக்கம் மட்டும் பலரிடம் திருந்தவில்லை.

"தமிழில் வராது" என்று எவரேனும் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஏன் வராது என்று கேளுங்கள். கடிதத்தில் கேள்விக்குறி வருவதைவிட, நாம் கேள்வி கேட்பது நல்லதன்றோ?