கூலி: ஓர் ஆகுபெயரின் கடற்பயணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்குக் கரையில் சீனத் தொழிலாளரை இழித்துரைக்க வழங்கிய சொல் 'கூலி'. 1862-இல் கலிபோர்னியா மாநிலம் 'கூலி எதிர்ப்புச் சட்டம்' என ஒன்றை இயற்றி, அவர்கள்மீது மாதம் இரண்டரை டாலர் வரி விதித்தது. அமெரிக்கக் கப்பல்கள் கூலி வாணிகத்தில் ஈடுபடுவதைத் தடுக்கும் சட்டத்தில் லிங்கன் கையொப்பமிட்டதும் அவ்வாண்டே. தமிழே அறியாத மக்களுக்கு, தமிழே அறியாத நாடு இட்ட பெயர் இது.

குசராத்தின் கோலி இனப்பெயரே போர்த்துக்கீசியர் வாயிலாக இவ்வாறு திரிந்தது என்பாரும் உளர். இரண்டும் கலந்திருத்தல் கூடும். ஆயினும் உழைப்புக்குப் பெறும் ஊதியம் என்னும் பொருள் தமிழுக்கே உரியது என்பது என் துணிபு. திருக்குறளின் 619-ஆம் பாவில் முயற்சியின் பயனைக் குறித்து நிற்பது இச்சொல்லே. அங்கே இழிவின் நிழலும் இல்லை.

இழிவு எங்கே நுழைந்தது? கூலி ஊதியத்தின் பெயர். அதனைப் பெறுபவன் கூலியாள். பெறும் பொருளின் பெயர் பெறுபவனுக்கு ஆகிவருவதை நம் இலக்கணம் ஆகுபெயர் என அமைதி கூறும். கப்பற்காரர்களும் தோட்டத் துரைமார்களும் இலக்கணம் கற்றவர்கள் அல்லர். எனினும் இந்த ஆகுபெயரை அவர்கள் இறுகப் பற்றிக்கொண்டனர். 'ஆள்' உதிர்ந்தான், கூலி எஞ்சிற்று. 1834 முதல் மொரீசியசுக்கும், 1860-இல் சென்னையிலிருந்து 'துரூரோ' கப்பலில் நேட்டாலுக்கும் ஒப்பந்தத்தில் சென்ற நம்மவர்க்கு அதுவே பெயராயிற்று. வழக்குரைஞராகச் சென்ற காந்தியடிகளும் அங்கே 'கூலி பாரிஸ்டர்' ஆனார். வசையாக வந்த சொல்லையே பெருமைக்குரியதாக்க முனைந்தவர் மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி. 1992-இல் வெளிவந்த தம் பிரெஞ்சுக் கவிதை நூலின் தலைப்பிலேயே 'கூலித்துவம்' எனப் பொருள்படும் புதுச்சொல்லைப் பொறித்தார். அத்தகைய துணிவு நம் கவிஞர்க்கும் வேண்டுமென்பேன்.

ஏனெனில், அதே ஆகுபெயர் நம் கண்ணெதிரே மீண்டும் நிகழ்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் மகிழுந்து ஆலை எழுந்தது. இவ்வழியில் ஆலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் இளைஞர் பேச்சைச் செவிமடுங்கள். "அவரு பர்மனென்ட், நான் காண்ட்ராக்ட்" என்பர். 'காண்ட்ராக்டில் இருக்கிறேன்' என்பதன் வேற்றுமை உருபு அங்கே தேய்ந்துவிட்டது.